ஊர் முழுக்கக் கூட்டம், ஒன்றாம் வகுப்பு மட்டும் காலி: சேலத்தில் என்ன நடக்கிறது?

கரும்பலகை

வாழப்பாடி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கோடை வந்தால் நோட்டும் பேனாவுமாகத் தெருத்தெருவாகப் போய் ஐந்து வயதான பிள்ளைகளைத் தேட வேண்டும். இந்தத் தடவை மேற்குத் தெருவை முடித்துவிட்டு ஒரு திண்ணையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அறுபத்திரண்டு வீடு. ஐந்து வயதுப் பிள்ளைகள் மூன்று. அதில் இரண்டு பேர் ஏற்கெனவே வேன் வரும் பள்ளியில் எல்கேஜி முடித்துவிட்டார்கள். திண்ணைக்காரப் பாட்டி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிள்ளையைக் கேக்கறியே வாத்தியாரே, இந்தத் தெருவுல தொட்டில் தொங்கற வீடு எதுன்னு நீயே சொல்லு" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எல்லோரும் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய்விட்டார்கள் என்றே பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது பொய்யில்லை. ஆனால் இப்போது வேன் பள்ளிக்காரர்களும் நோட்டோடு அலைகிறார்கள். போன வாரம் ஒரே வாசலில் இரண்டு தரப்பும் எதிரும் புதிருமாக நின்றோம். உள்ளே இருந்தது ஒன்றரை வயதுக் குழந்தை.

உங்கள் பக்கமும் இப்படித்தானா?

லீபஜார்வாசி

சார், ஒரு சாயங்காலம் ஐந்து ரோடு பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து பாருங்கள். அப்புறம் ஜனம் குறைகிறது என்று எழுத மாட்டீர்கள். அம்மாப்பேட்டையில் ஒரு வீடு வாடகைக்குப் போர்டு மாட்டினால் மறுநாள் போர்டு இருக்காது. ஒரு தெருவை வைத்து மாவட்டத்துக்கே கணக்குச் சொல்லாதீர்கள்.

பழையபுள்ளி

லீபஜார் தம்பி, கூட்டம் வேறு, பிறப்பு வேறு. நான் புள்ளியியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர் அணையில் 120 அடி தண்ணீர் நிற்கும். பார்க்கிறவன் கடல் மாதிரி இருக்கிறது என்பான். நீர்வரத்து எவ்வளவு என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். ஜனத்தொகையும் அப்படித்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிறந்தவர்கள் இன்றைக்கு வீடு கட்டி, வண்டி வாங்கி ரோட்டில் நிற்கிறார்கள். அது நின்ற தண்ணீர். ஒன்றாம் வகுப்புதான் நீர்வரத்து.

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்பதைக் கருவுறுதல் விகிதம் என்போம். 2.1 இருந்தால் ஒரு தலைமுறை போய் அதே அளவு தலைமுறை வரும். தமிழ்நாடு 2000-ஐ ஒட்டியே அந்தக் கோட்டுக்கு இறங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 1.8. மாதிரிப் பதிவு முறை என்று இன்னொரு கணக்கு உண்டு, அதில் 2020-க்கு 1.4. இரண்டும் வேறு வேறு வழியில் எடுத்தவை, சண்டைக்கு வராதீர்கள். எதை எடுத்தாலும் கோட்டுக்குக் கீழேதான்.

அடுத்தது சேலம். 2001-ல் மாவட்டத்தில் 30 லட்சத்து 16 ஆயிரம் பேர். 2011-ல் 34 லட்சத்து 82 ஆயிரம். பத்து வருடத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். தமிழ்நாடு முழுமைக்கும் அதே 15.6 தான். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய பத்து வருடத்தில், அதாவது பிள்ளை இன்னும் கூடப் பிறந்த காலத்தில், மாநிலத்தின் வளர்ச்சி 11.7 தான். பிறப்பு குறைந்த பிறகு வளர்ச்சி எப்படிக் கூடியது? வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அதற்கு ஒரு காரணம்.

பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு 'சேலம் ஜனத்தொகை பாதியாகிவிட்டது' என்று ஒருவர் எங்கேயோ எழுதியிருந்தார். தருமபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் நம்மிடமிருந்து பிரிந்தவை. அதைக் கழித்துவிட்டுப் பேச வேண்டும்.

லீபஜார்வாசி

அணை உதாரணம் புரிகிறது. ஆனால் 2011 கணக்கை வைத்தே எத்தனை நாள் பேசுவது?

பழையபுள்ளி

வேறு என்ன செய்ய? 2021-ல் எடுக்க வேண்டியது தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்தார்கள். அது வரும்வரை எல்லாம் மதிப்பீடுதான். வாத்தியாரின் நோட்டு அதைவிடப் புதுசு.

கொலுசுப்பட்டறை

வெளியிலிருந்து வந்தவர்கள் என்ற பேச்சு வந்ததால் நான் எழுதுகிறேன். சிவதாபுரம் பக்கம் சின்ன வெள்ளிப் பட்டறை. என் அப்பா காலத்தில் வேலைக்கு ஆள் வேண்டும் என்று யாரும் தேடியதில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பையன் பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறைக்கு வந்து குந்துவான். கம்பியை வளைப்பான், வளையத்தைக் கோப்பான், நெருப்பு ஊதப் பழகுவான். பெண்கள் வீட்டிலேயே கொலுசுக்கு மணி கோத்துக் கொடுப்பார்கள். அந்தப் பையன்களின் பிள்ளைகள் இன்றைக்குப் பெங்களூரில் லேப்டாப் வைத்திருக்கிறார்கள். அது நல்லதுதான், என் மகனும் அப்படித்தான் போனான். ஆனால் தீபாவளி ஆர்டர் எடுத்துவிட்டு ஆளுக்கு எங்கே போக?

இப்போது என்னிடம் ஆறு பேர். நான்கு பேர் ஒடிசா. முதலில் ஒருவன் வந்தான், அவன் தன் சித்தப்பா மகனைக் கூட்டி வந்தான், அப்படியே. பொங்கலுக்கு நம் ஆட்கள் ஊருக்குப் போனால் இவர்கள் இருப்பார்கள், அவர்கள் திருவிழாவுக்குப் போனால் நான்தான் ஜங்ஷனில் போய் நின்று என்றைக்கு வருவார்கள் என்று காத்திருப்பேன். தன்பாத்திலிருந்து ஆலப்புழா போகும் ரயில் வந்து நிற்கும்போது ஒருநாள் பாருங்கள். முதுகில் பை, கையில் வாளி, வாளிக்குள் செருப்பு. அந்த வாளியைப் பார்த்தால் இவன் இங்கே தங்க வந்தவன் என்று தெரிந்துவிடும்.

சங்ககிரிலாரி

வடக்கன்களைப் பட்டறையில் வைத்துக்கொண்டு நம் பையன்களுக்கு வேலை இல்லை என்கிறீர்கள். கூலி கம்மி, அதனால்தானே?

கொலுசுப்பட்டறை

வேலை இல்லை என்று நான் எங்கே எழுதினேன் அண்ணா, ஆள் இல்லை என்றேன். கூலி ஜோடிக் கணக்கு. நம் ஆளுக்கு என்னவோ அதுதான் அவனுக்கும். அந்த வார்த்தையும் வேண்டாமே. வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே தாக்குகிறார்கள் என்று 2023-ல் பொய் வீடியோ ஒன்று சுற்றியபோது என் பையன்கள் இரண்டு நாள் ஷட்டரை இறக்கி உள்ளேயே இருந்தார்கள், சோறு நான்தான் கொண்டுபோனேன்.

மலைக்காற்று

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கீழே நடப்பது மேலேயும் நடக்கிறது, கொஞ்சம் மெதுவாக.

சேர்வராயன் மலையில் காப்பி வந்து இருநூறு வருடம் ஆகிறது. கலெக்டர் காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்து நட்டது. அன்றிலிருந்து எஸ்டேட் வேலை என்றால் மலையாளிகள்தான். (மலையாளி என்றால் கேரளம் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்று நாங்கள் சொல்வோம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது எங்கள் வீட்டுக் கதை.) இன்றைக்கு எங்கள் ஊர்ப் பையன்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிட்டார்கள். காப்பிப் பழம் சிவந்து நிற்கும், பறிக்க ஆள் இருக்காது. போன பருவத்தில் நான் வேலை செய்யும் தோட்டத்தின் லைன் வீடுகளில் பாதிக்கு மேல் ஜார்கண்ட் குடும்பங்கள். அவர்கள் மலைக்குப் புதியவர்கள் இல்லை, அவர்களும் காட்டுக்காரர்கள். மிளகுக் கொடிக்கு ஏணி சாய்த்து ஏறுவதைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு விஷயம் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீடுதான் பரிசம் கொடுக்க வேண்டும். பெண் பிறந்தால் என் பாட்டி "வரவு வந்திருக்கு" என்பாள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் அதே குழந்தை செலவு.

செவிலியக்கா

மலைக்காற்றுத் தம்பி கடைசியில் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1990-ல் ஓமலூர் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியராகச் சேர்ந்தேன். தாய்மார் பதிவேடு என் கையில். முதல் பிள்ளை பெண், வயிற்றில் இரண்டாவது என்றால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். அது அரசாங்கம் சொல்லித் தந்தது இல்லை, என்னுடன் இருந்த மூத்த அக்கா சொன்னது. புள்ளி வைத்த வீட்டுக்குப் பிரசவம் ஆன வாரத்தில் தினமும் போக வேண்டும். ஒருநாள் விட்டால் மறுநாள் வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். "மூச்சு முட்டிப் போச்சு" என்பார்கள். நான் போய் நிற்கும்போது அந்தத் தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள். அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. ஜெயலலிதா அதைத் தொடங்கியது நம் சேலத்தில்தான். மற்ற மாவட்டங்களுக்கு 2001-ல்தான் போனது. வேண்டாம் என்றால் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிடு, அரசு வளர்க்கும் என்பதுதான் திட்டம். முதலில் ஊரில் சிரித்தார்கள். படித்தவர்கள், தாயையும் பிள்ளையையும் பிரிப்பதற்கு அரசே வழி செய்வதா என்று கேட்டார்கள். கேள்வி சரிதான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு கிழவி முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "பால் குடுத்துதான் தூக்கியாந்தேன்" என்று சொன்னபோது அந்தக் கேள்வியெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. பால் என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்னாள். எந்தப் பால் என்று நான் பயந்துவிடக் கூடாது என்று.

பிறகு ஸ்கேன் வந்தது. பிறந்த பிறகு நடந்தது வயிற்றுக்குள்ளேயே முடிந்துபோக ஆரம்பித்தது. 1994-ல் அதற்கும் சட்டம் போட்டார்கள். சட்டம் ஊருக்கு வந்து சேர நாளானது.

பழையபுள்ளி

அக்கா எழுதியதற்குக் கீழே எண் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இது பதிவாக வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்குச் சேலத்தில் 1991-ல் 849 பெண் பிள்ளைகள். 2001-ல் 851. தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். அப்போது மாநில சராசரி 942. 2011-ல் நாம் 910-ஐத் தாண்டிவிட்டோம். பத்து வருடத்தில் அவ்வளவு ஏறியது சின்ன விஷயமில்லை, அக்கா மாதிரி ஆட்களால் வந்தது. மாநில சராசரிக்கு இன்னும் கீழேதான்.

1991-ல் அந்த 849-க்குள் எண்ணப்பட்ட பெண்களுக்கு இன்றைக்கு முப்பத்தைந்து, நாற்பது வயது. வாத்தியாரின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் 2001-ன் அந்த 851-ல் இருந்தவர்கள். பிறக்காத, வாழாத பெண்ணுக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்?

எடப்பாடிதறி

நான் 1988-ல் பிறந்தவன். எட்டுத் தறி, சொந்த வீடு, குடிப் பழக்கம் கிடையாது. ஒன்பது வருடமாகப் பெண் பார்க்கிறார்கள். தரகருக்குக் கொடுத்ததில் இன்னொரு தறி ஓட்டியிருக்கலாம்.

போன ஆவணியில் தரகர் ஒருவர் பாலக்காடு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வேனில் நாங்கள் மூன்று மாப்பிள்ளைகள், மூன்று அம்மாக்கள். வழியெல்லாம் அம்மாக்கள் மூவரும் பேசிக்கொள்ளவே இல்லை. முதல் வீட்டில் பெண்ணின் அப்பா ஜாதகத்தைத் தொடக்கூட இல்லை. "பெண் வேலைக்குப் போகலாமா?" என்று ஒரே கேள்வி. என் அம்மா, "எங்க வீட்ல பொண்ணுங்க வேலைக்குப் போற பழக்கம் இல்லீங்க" என்றார். அவ்வளவுதான், டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

செவிலியக்கா எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எதுவும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பையன்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

வசிஷ்டநதி

எடப்பாடி அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் இருக்கிற பெண்களும் ஏன் சம்மதிப்பதில்லை என்று உங்கள் அம்மாவின் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

நான் ஆத்தூர். என் பாட்டிக்கு ஏழு, தங்கியது நான்கு. அம்மாவுக்கு இரண்டு. எனக்கு ஒன்று, ஐந்து வயது, போதும். என் பாட்டி காலத்தில் ஏழு பெற்றால்தான் நான்கு மிஞ்சும். சத்துணவு, தடுப்பூசி, பஸ் வசதி, பக்கத்தில் ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாக வந்த பிறகு பெற்றது தங்கும் என்ற நம்பிக்கை வந்தது. அப்புறம் பெண்கள் படித்தோம். 1997-ல் பெரியார் பல்கலைக்கழகம் வந்த பிறகு எங்கள் பக்கம் 'வீட்டிலிருந்தே போய் வரலாம்' என்று சொல்லியே எத்தனையோ பெண்கள் டிகிரி முடித்தார்கள்.

2024-ல் ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில் 'பதினாறும் பெற்று' என்று பேசினார், சந்திரபாபு நாயுடுவும் அதே சமயம் பிள்ளை பெறச் சொன்னார். பதினாறு என்பது பதினாறு செல்வம் என்று தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அதை விடுங்கள். எனக்கு வேலை ஏழு மணி வரை. மாமியார் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் காட்டுங்கள், இரண்டாவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

சங்ககிரிலாரி

அவர்கள் ஏன் பேசினார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா? எம்பி தொகுதிக் கணக்கு. 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 4 கோடியே 12 லட்சம். இன்றைய பீகார் எல்லைக்குள் அப்போது 4 கோடியே 21 லட்சம். கிட்டத்தட்ட சமம். 2011-ல் நாம் 7 கோடியே 21 லட்சம், அவர்கள் 10 கோடியே 41 லட்சம். குடும்பக் கட்டுப்பாடு செய் என்று சொன்னதைக் கேட்டு நடந்தவன் தண்டம் கட்டக் கூடாது என்றுதான் 1976-ல் தொகுதி எண்ணிக்கையை 1971 கணக்கிலேயே நிறுத்தினார்கள். பிறகு 2026-க்கு அப்புறம் வரும் முதல் கணக்கெடுப்பு வரை என்று நீட்டினார்கள். அதனால்தான் நமக்கு 39 அப்படியே நிற்கிறது. வெறும் தலைக் கணக்கு என்று போனால் நம் பங்கு இறங்கும். இது கட்சிப் பேச்சு இல்லை, கணக்கு.

நெறியாளர்

இதுவரை சரி. இதற்கு அடுத்த பதிவு கட்சிப் பேச்சாகத்தான் இருக்கும் என்று தெரியும், அதனால் இங்கேயே நிறுத்திக்கொள்வோம். தொகுதி மறுவரையறைக்குத் தனி இழை இருக்கிறது.

லீபஜார்வாசி

முதலில் மறுத்தவன் நான்தான். நேற்று எங்கள் தெருவை எண்ணிப் பார்த்தேன். பள்ளிச் சீருடையை விடுங்கள், எத்தனை வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று. முப்பது வீட்டில் பதினொன்று. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், துபாய். எதிர் வீட்டு அம்மா மாத்திரை அட்டையில் ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் 'கா', 'ம', 'இ' என்று எழுதி வைத்திருக்கிறார். எழுதிக் கொடுத்தது மெடிக்கல் ஷாப் பையன்.

பழையபுள்ளி

2011-லேயே தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்குப் 10.4. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10.3. அன்றைக்கே தாத்தா பாட்டிகள் முந்திவிட்டார்கள். 2031-ல் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்குப் 18 என்று மத்திய அரசின் மதிப்பீடு. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டும்தான் நமக்கு முன்னால்.

நானும் அந்தக் கணக்கில்தான் வருகிறேன். மூட்டு வலி, மாடிப்படி ஏற முடியவில்லை.

வசிஷ்டநதி

சார், அப்படியானால் காலியாகும் வகுப்பறையில் ஒன்றை வயதானவர்களுக்கும், ஒன்றை மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் பகல் நேர இடமாக விடலாமே? பாட்டிகள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம்.

கரும்பலகை

கட்டடம் இருக்கிறது அம்மா. என் பள்ளியில் ஐந்து அறை, இரண்டில்தான் பாடம் நடக்கிறது. யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியவில்லை, ஒவ்வொரு அலுவலகமும் அடுத்ததைக் கைகாட்டும்.

இருக்கட்டும், இன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சேர்க்கை மூன்றில் நின்றிருந்தது. மதியம் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியில் வேலை செய்யும் ஒருவர் மனைவியோடும் ஒரு பெண் குழந்தையோடும் வந்தார். ஒடிசா. கிழங்கு மாவு காலில் அப்படியே வெள்ளையாக ஒட்டியிருந்தது. குழந்தை வந்ததும் நேராகப் போய்க் கரும்பலகையில் கோடு போட்டது. பெயர் எழுதலாம் என்று நோட்டை எடுத்தால், பிறந்த தேதிக்கு அவர்களிடம் இருப்பது தடுப்பூசி அட்டை மட்டும். முழுக்க ஒடியா எழுத்து, வட்ட வட்டமாக. ஒரு எழுத்தும் புரியவில்லை. இங்கே யாருக்காவது ஒடியா படிக்கத் தெரியுமா?

செவிலியக்கா

தம்பி, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. முதலில் பெயரைப் பதிந்துவிடுங்கள். அட்டையில் அடுத்த ஊசி எதாவது பாக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். படம் எடுத்து அனுப்புங்கள், ஊசி வரிசையை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன்.

கொலுசுப்பட்டறை

அட்டைப் படத்தை எனக்கும் அனுப்புங்கள் வாத்தியாரே. என் பட்டறையில் பத்தாவது வரை படித்த பையன் ஒருவன் இருக்கிறான், எட்டு மணிக்கு அடுப்பு அணைத்ததும் உட்கார வைத்துப் படிக்கச் சொல்கிறேன். குழந்தை பெயர் என்ன?